திரையில் உள்ளபடியே

விசாரணை நடந்த நாளில் மைதானத்தின் கண்ணாடி அறையில் இருந்தவர்கள்: பேஸ்பால் ஆணையத்தின் தலைவர். அவர் தலையாட்டினால் தலையாட்டவும், இருமினால் தண்ணீர் நகர்த்தவும் பழகிய உறுப்பினர்கள் நால்வர். மெய்மைத் துறை இயக்குநர். அணியின் பயிற்சியாளர், கூப்பிட்டால் வரவும் கூப்பிடாவிட்டால் நழுவவும் தோதாகச் சுவரோரமாக. எதிர்ச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை. திரைக்குள், தொப்பியைச் சரிசெய்தபடி, கொக்கி. திரைக்கு வெளியே, தொப்பியைக் கையில் பிடித்தபடி, இன்னொரு கொக்கி. வாசலில் காவலாளி, கையில் டேப்லெட்டுடன்.

திரைக்குள் இருந்த கொக்கிக்கு உட்கார ஒரு பெஞ்சு இருந்தது. வெளியே இருந்தவனுக்கு நாற்காலி போடவில்லை. இரண்டு பேரில் யார் பேச்சு எடுபடும் என்பது அப்போதே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் பந்து எறிபவன். பந்து கையை விட்டுப் போனபிறகுதான் எங்கே போகிறது என்று பார்த்துப் பழகியவன்.

அவன் எறியும் பந்து மட்டைக்காரனுக்கு நேராக, நல்ல பிள்ளைபோல வரும். மட்டைக்காரன் ஆசையாக மட்டையை வீசும்போது கடைசி முழத்தில் கொக்கி மாதிரி வளைந்து கீழே இறங்கிவிடும். அதனால் அந்தப் பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சம்பளச் சீட்டு மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது. பத்து ஆட்டப் பருவங்களாக அணியில் இருந்தான். அதற்கு முன்னால் ஒரு கிடங்கில் லாரி டயர் தூக்கிக்கொண்டிருந்தான். கிடங்கு முதலாளி இப்போதும் வழியில் பார்த்தால், “எப்பவேணா வா, டயர் எங்கயும் போயிடாது,” என்று அன்பாகச் சொல்வார். அந்த அன்புக்குப் பயந்துதான் கொக்கி தினமும் காலையில் பயிற்சிக்குப் போனான்.

அவனுடைய எல்லாச் சொத்தும் அவனுடைய வலது கைதான். வம்பு தொடங்கியதும் அங்கேதான்.

*

ஆணையம் ‘மெய்க்களம்’ என்று ஒரு வீடியோ கேம் தயாரித்தது. நிஜ அணிகள், நிஜ ஆட்டக்காரர்கள், நிஜ மைதானம் எல்லாமே அச்சு அசலாக அதில் இருக்கும். அதற்காக ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அளவெடுத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை, நாலு பக்கமும் கேமரா. கொக்கிக்குக் கறுப்பு உடுப்பு மாட்டி, அம்மை போட்டாற்போல் உடம்பெல்லாம் வெள்ளைப் பொட்டு ஒட்டினார்கள். அளவெடுத்தவன் சூயிங்கம் மென்றுகொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினான்.

“வலது கை ஸ்லீவுல சிக்னல் வரல. இடது கையால எறிங்க.”

“நான் வலது கைக்காரன் சார்.”

“கை கைதானே? அப்புறம் கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டுக்கலாம். கண்ணாடில பாக்குற மாதிரி.”

“இடது கைல எறிஞ்சா பந்து எங்கயோ போகும் சார்.”

“பந்து எங்க போகுதுங்கறது எங்க கவலை. நீங்க எறிங்க.”

எறிந்தான். பந்து கூரைவிளக்கில் பட்டு, விளக்கு உடைந்து விழுந்தது. “சூப்பர்,” என்றான் அளவெடுத்தவன், தலையைத் தூக்காமல். பிறகு சாப்பிடப் போனான். சாப்பிட்டு வந்தவன் வேறோர் ஆளை அளவெடுத்தான். திருப்பிப் போடவேண்டிய கை திரும்பவே இல்லை.

சூயிங்கத்தைத் துப்பிவிட்டுக் கோட்டு மாட்டிக்கொண்ட பிறகு அதே ஆள்தான் மெய்மைத் துறை இயக்குநர் ஆனார்.

*

கேம் வெளியான அன்று கொக்கியின் மைத்துனன் தன் கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டான். அவன் கைப்பேசி பழுது பார்ப்பவன். ஊரார் கைப்பேசிகள் குடல் வெளியே தள்ளியபடி மேசையில் கிடக்க, அவன் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். அக்காவையும் மாமாவையும் போன் போட்டு வரவழைத்தான்.

“மாமா, வாங்க வாங்க. உங்களை வாங்கிட்டேன்.”

பொய் சொல்லக் கூடாது, கேம் அருமையாகத்தான் இருந்தது. மேகம் ஒன்று நகர்ந்தால் புல் இருண்டு மறுபடி வெளுத்தது. மட்டையில் பந்து படும் சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் கேட்டது. வெகுநேரம் எறிந்தவனுக்குத் தோள் தொங்கியது, கை தானாகவே முழங்காலைத் தேடியது. ஓர் ஆட்டக்காரனை வாழ்நாள் முழுக்க ஓட்டிப் பார்க்கலாம். தலை நரைக்கும், முட்டி தேயும், கடைசியில் ஒருநாள் தொப்பியைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வெளியே போவான். அதைப் பார்த்து மைத்துனன் தேம்பி அழுதான். சொந்தத் தாய்மாமன் போனபோது டீ எப்போ வரும் என்று கேட்டவன்.

கொக்கி திரையில் வந்து நின்றான். மூக்கைச் சொறிந்தான், தொப்பியை அழுத்தினான், ஷூ நுனியால் மண்ணைக் கீறினான். எல்லாம் அவனேதான்.

“ஏங்க, கழுத்து மச்சம்கூட இருக்கு!” என்றாள் மனைவி. அவள் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். மனிதர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம்.

“காதுக்குப் பின்னாடி சோப்பு போடாத இடம்கூட இருக்கும், பெரிசாக்கிப் பாருக்கா,” என்றான் தம்பி.

திரைக் கொக்கி பந்தை இடது கையில் எடுத்தான். கையைச் சுழற்றினான். பந்து மட்டைக்காரனுக்குச் சம்பந்தமே இல்லாமல், பார்வையாளர் பகுதியில் மூன்றாம் வரிசையில் நின்ற ஐஸ்கிரீம்காரரின் தோளில் போய் விழுந்தது. மைத்துனன் சிரித்தான். மறுபடி எறிய வைத்தான். மறுபடியும் ஐஸ்கிரீம்காரர். மூன்றாவது முறையும் அவரே.

சிரிப்பு மெல்ல நின்றது.

“என்ன மாமா, நீங்க இதுல இடது கைக்காரரு.”

“திருப்பிப் போடறேன்னு சொன்னான்டா.”

“யாரு?”

“அவன்தான்.”

அன்று இரவுச் சாப்பாடுவரை மைத்துனன் கேமைக் குடைந்து வேறு பல வியாதிகளையும் கண்டுபிடித்தான். நாலு தளங்களையும் தொட்டுச் சுற்றி வந்தால்தான் புள்ளி, ஆனால் மூன்றாம் தளத்துக்கு வந்துசேர்ந்த ஓட்டக்காரன் அங்கிருந்து நகர மறுத்து, நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தான். பந்தைத் துரத்திப் போனவன் சுவரில் முட்டிய பிறகும் காலை நிறுத்தவில்லை, சுவரைத் தள்ளிக்கொண்டே இருந்தான். வர்ணனையாளர் எந்தப் பந்துக்கும் “இப்படி ஒரு பந்தை என் வாழ்நாளில் கண்டதில்லை” என்றார். ஒரு கையுறையை மாற்ற ஆறு பக்கங்களைத் திறக்க வேண்டியிருந்தது. ஆறாவது பக்கம் திறந்ததும் கேம் அணைந்துவிட்டது.

“இத பாருங்க, இதான் டாப்பு,” என்று கடைசியாக மைதானத்தின் மேலே இருந்த கண்ணாடி அறையைக் காட்டினான். ஆணையத்தின் தலைவரும் உறுப்பினர்களும் இயக்குநரும் ஆசைப்பட்டுத் தங்களையும் அளவெடுத்துக் கேமுக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் உட்கார்ந்து கை தட்டினார்கள், தலையாட்டினார்கள், உற்சாகம் தாங்காமல் எழாமலேயே கண்ணாடியைத் தட்டினார்கள். “ஆட்டம் முடிஞ்சாலும் இவங்க போக மாட்டாங்க மாமா. லைட்டு அணைஞ்சிடும், எல்லாரும் போயிடுவாங்க, வெளியே பூட்டு தொங்கும். இவங்க மட்டும் உள்ள உக்காந்து தட்டிட்டே இருப்பாங்க. வெளியே வர்றதுக்கு யாரும் புரோகிராம் எழுதல. உள்பக்கம் கதவுக்குக் கைப்பிடியே இல்ல, பாருங்க.”

மூவரும் அதற்கும் சிரித்தார்கள். அதுதான் அவர்கள் கடைசியாகச் சிரித்தது.

*

மறுவாரம் தலைவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார்.

“மனிதன் மாறக்கூடியவன். இன்று நன்றாக ஆடுவான், நாளை வயிற்றுவலி என்பான். அவனை நம்பி ஒரு விளையாட்டை எப்படி நடத்துவது? மெய்க்களத்துக்கு வயிற்றுவலி கிடையாது. ஆகவே இந்தப் பருவம் முதல், மைதானத்திலும் அதைச் சேர்ந்த கட்டடங்களிலும் உள்ள மனிதர், பொருள், நடத்தை யாவும் திரையில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று ஆணையம் தீர்மானித்திருக்கிறது. யாருக்கும் விதிவிலக்கு இல்லை. எனக்கும்கூட இல்லை!”

உறுப்பினர்கள் கை தட்டினார்கள்.

“திரையில தப்பு இருந்தா?” என்று ஒருவர் கேட்டார்.

“தப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு குழு அமைத்தோம். குழு திரையைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரு வித்தியாசம்கூட இல்லை.”

விதியை அமல்படுத்த வாசலில் காவலாளியை நிறுத்தினார்கள். நேர்மையான மனிதர். முன்பு ஒரு வங்கியில் இருந்தவர், மேலாளர் அடையாள அட்டையை மறந்து வந்த நாளில் அவரைச் சாயங்காலம்வரை வெயிலில் நிறுத்தியதற்காக வேலையை விட்டு அனுப்பப்பட்டவர். ஆணையம் அந்த ஒரு தகுதிக்காகவே அவரைத் தேடிப் பிடித்தது. அவர் கையில் டேப்லெட் கொடுத்து, “இதில் எப்படி இருக்கிறதோ அப்படி இருக்க வேண்டும். யாராக இருந்தாலும்,” என்றார்கள். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு தெளிவான வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது.

முதல் நாளே கொக்கியை வாசலில் நிறுத்தினார்.

“சார், பை வலது தோள்ல இருக்கு.”

“ஆமா.”

“இதுல இடது தோள்ல இருக்கு. மாத்திக்கோங்க.”

மாற்றிக்கொண்டான். உள்ளே ஐஸ்கிரீம்காரர் மூன்றாம் வரிசையில் நின்றிருந்தார். வியாபாரம் முதல் வரிசையில்தான், ஆனால் திரையில் அவர் நின்ற இடம் மூன்றாவது. “அசைஞ்சா வெளிய அனுப்பிடுவேன்னு சொல்றாரு தம்பி,” என்று அவர் கொக்கியிடம் கிசுகிசுத்தார். “ஐஸ்கிரீம் உருகுது.”

பயிற்சி ஆட்டம் நடந்தது. மூன்றாம் தளத்துக்கு வந்த ஓட்டக்காரன், கடைசித் தளம் கைக்கெட்டும் தூரத்தில் காலியாகக் கிடக்க, நின்ற இடத்திலேயே ஓடினான். வியர்த்துக் கொட்டியது. கூட்டம் “போடா, போடா!” என்று கத்தியது. அவன் அழுவதுபோல் காவலாளியைப் பார்த்தான். காவலாளி டேப்லெட்டைப் பார்த்துத் தலையசைத்தார். ஓரத்தில் பந்தைத் துரத்தியவன் சுவரில் முட்டி, விதிப்படி தொடர்ந்து ஓடி, மூக்கு உடைந்து தூக்கிச் செல்லப்பட்டான். “இப்படி ஒரு பந்தை என் வாழ்நாளில் கண்டதில்லை,” என்றார் வர்ணனையாளர். இந்தமுறை அது உண்மை.

ஆட்டம் முடியவில்லை. யாரும் கடைசித் தளத்துக்கு வராததால் எந்த அணிக்கும் புள்ளி விழவில்லை, ஓர் அணி முந்தாமல் முடிவதற்கு வழியில்லை. தலைவர் மறுநாள் அதை ‘மெய்மையின் வெற்றி’ என்றார்.

பயிற்சியாளர் கொக்கியைப் பெஞ்சில் உட்கார வைத்தார். கெட்டவர் அல்ல. அவருக்கும் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தாள்.

“உன்னை எனக்குத் தெரியாதாடா? உன் கையை எனக்குத் தெரியாதா? ஆனா திரையில நீ எறிஞ்சா ஐஸ்கிரீம்காரனுக்குத்தான் போகுது. அதை வச்சுத்தான் அணி எடுக்கணும்னு உத்தரவு. பருவம் தொடங்கறதுக்குள்ள ஆணையத்துல சொல்லித் திருத்திட்டு வந்துடு. இல்லேன்னா உன் பேரை எடுத்துருவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லலாம்ல அண்ணே?”

“சொல்லலாம்,” என்று பயிற்சியாளர் ஒப்புக்கொண்டார். சொல்லவில்லை.

*

ஆணைய அலுவலகத்தில் ஒரு கவுண்டர் இருந்தது. கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு முன்னால் ‘குறைகள்’ என்று பலகை.

“என் கை தப்பா இருக்கும்மா.”

அவள் அவன் கையைப் பார்த்தாள். “நல்லாத்தானே இருக்கு.”

“இதுல இல்ல. கேம்ல.”

“அப்ப கேம்லேர்ந்துதான் புகார் வரணும் சார். வெளியேர்ந்து வர்ற புகாரை எடுத்துக்க மாட்டாங்க. கேமுக்குள்ள ஆணைய ஆபீஸ் இருக்கு பாருங்க, உங்க ஆளு அங்க போய்ச் சொல்லணும்.”

“என் ஆளா?”

“திரையில இருக்காரே, அவரு.”

மைத்துனன் திரைக் கொக்கியை மைதானத்திலிருந்து வெளியே நடத்தி, தெருக்கோடியில் ஆணைய அலுவலகத்துக்குக் கூட்டிப்போனான். அழகான கட்டடம். படிக்கட்டில் நிழல்கூடச் சரியாக விழுந்தது. கதவு திறக்கவில்லை. அது கதவே இல்லை, சுவரில் வரைந்த படம்.

“ஏன்டா, அவங்க நிஜ ஆபீஸைத்தானே அளவெடுத்திருக்காங்க?” என்றான் கொக்கி.

“ஆமா மாமா. அதான் பொருத்தமா இருக்கு.”

மைத்துனன் சளைக்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் போனைக் கேட்டுச் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். அவன் திரைக் கொக்கியைக் கட்டடத்தின் ஒவ்வொரு மூலையிலும் முட்டவிட்டுப் பார்த்தான். பின்பக்கத் தண்ணீர்க் குழாய் ஓரம் ஒரு மூலையில் பக்கவாட்டாக நடந்துகொண்டே இருந்தால், சுவர் கொஞ்சம் கொஞ்சமாக ஆளை விழுங்கியது. திரைக் கொக்கி உள்ளே விழுந்தான். விழுந்த இடம் தலைவரின் மேசை. இடுப்புவரை மேசைக்குள், இடுப்புக்கு மேலே வெளியே.

மறுநாள் கடிதம் வந்தது. ‘மனுதாரர் மேசைக்குள் இருந்தபடி முறைப்படி ஆஜரானதால் மனு ஏற்கப்படுகிறது. நேர் விசாரணைக்கு வரவும்.’

“அவங்க என்ன கேப்பாங்க?” என்றாள் மனைவி.

“இடது கையால எறிஞ்சு காட்டச் சொல்வாங்க. திரையோட பொருந்துதான்னு பார்க்கணுமாம். பொருந்தலேன்னா நான் நானே இல்லையாம்.”

“அப்ப பொருந்தற மாதிரி எறிஞ்சுடுங்க.”

“பொருந்தினா நான் உதவாக்கரைன்னு ஆயிடும்டி.”

“பொருந்தலேன்னா?”

“போலின்னு ஆயிடும்.”

“வலது கையால ஒண்ணு, இடது கையால ஒண்ணு எறிங்க. கண்ணு இருக்கறவன் பாத்துக்கட்டும். எங்க டாக்டர்கிட்ட வர்றவங்க எக்ஸ்ரேயைக் காட்டி இந்தப் பல்தான்னு சொல்வாங்க. அவர் வாயைத் திறந்து பார்த்துட்டு, இல்ல, அதுன்னு சொல்வார். வாயைத் திறந்து பார்க்காத டாக்டர் உண்டா?”

உண்டு என்று அவளுக்குத் தெரியவில்லை. கொக்கிக்கும் தெரியவில்லை. அந்த நம்பிக்கையில்தான் தொப்பியைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனான்.

*

ஆகவே கண்ணாடி அறை. கீழே மைதானம் காலியாகக் கிடந்தது. கடைசித் தளத்துக்குப் பின்னால் பந்து பிடிக்க ஒருவன் குந்தியிருந்தான். மூன்றாம் வரிசையில் ஐஸ்கிரீம்காரர், திரையில் உள்ளபடியே.

இயக்குநர் தொடங்கினார். “மனுதாரர் தாம் வலது கைக்காரர் என்று சொல்கிறார். எங்கள் தரவு வேறு சொல்கிறது. தரவை எடுத்தவர் மிகுந்த அனுபவம் உள்ளவர்.”

“நீங்கதான் சார் எடுத்தீங்க,” என்றான் கொக்கி. “ஸ்லீவுல சிக்னல் வரலன்னு சொன்னீங்க. திருப்பிப் போடறேன்னீங்க.”

இயக்குநர் அவனைப் பார்க்காமல் தலைவரைப் பார்த்துச் சிரித்தார். “பார்த்தீர்களா? தரவுக்குத் தரவால் பதில் சொல்ல முடியாதவர்கள் ஞாபகத்தைக் கொண்டுவருவார்கள். எனக்கு அப்படி எதுவும் ஞாபகமில்லை. ஞாபகமில்லாதது நடந்திருக்க வாய்ப்பில்லை.”

“தம்பி,” என்றார் தலைவர் பாசத்தோடு, “உனக்கு ஒரு கை போனால் நாங்கள் வருத்தப்படுவோம். ஆனால் உனக்காக ஆணையமே தன் கையைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்றால், இது ஆணையமா, சத்திரமா? இன்று உன் கை, நாளை இன்னொருவன் கால். கீழே போய் எறிந்து காட்டு. திரையில் உள்ளபடி.”

கொக்கி கீழே இறங்கினான். எறியும் மேட்டில் நின்று மூக்கைச் சொறிந்து, தொப்பியை அழுத்தி, மண்ணைக் கீறினான். மேலே கண்ணாடிக்குப் பின்னால் திரைக் கொக்கியும் அதையே செய்துகொண்டிருப்பான் என்று தோன்றியது. பந்தை இடது கையில் எடுத்தான். இடது கையால் அவன் பல்கூடத் தேய்த்ததில்லை. எறிந்தான்.

பந்து மூன்றாம் வரிசைக்குப் போனது. “ஐயோ!” என்று ஐஸ்கிரீம்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கண்ணாடி அறை ஆர்ப்பரித்தது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் தழுதழுத்தது. “முழுப் பொருத்தம்! அதே தோள்! இம்மி பிசகவில்லை!” பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, “ஐஸ்கிரீம்காரர் திரையில் கத்தவில்லை. அதை மட்டும் அவர் திருத்திக்கொள்ள வேண்டும்,” என்றார்.

கொக்கி இரண்டாவது பந்தை வலது கையில் எடுத்தான். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. விரல்கள் தையல் கோட்டைத் தாமாகவே கண்டுபிடித்தன. பத்துப் பருவமாக ஒவ்வொரு காலையும் எறிந்த பந்துதான். ஆனால் அப்படி ஒன்றை அவன் அதற்கு முன்னால் எறிந்ததில்லை. நேராகப் போனது, போனது, கடைசி முழத்தில் வளைந்து இறங்கிக் கையுறைக்குள் வெடித்தது. குந்தியிருந்தவன் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை ஊதினான். ஊதிவிட்டுச் சிரித்தான். மூன்றாம் வரிசையில் ஐஸ்கிரீம்காரர் வலியை மறந்து கை தட்டினார்.

கொக்கி படியேறி வந்தபோது அவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரைக் கொக்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

“பாத்தீங்களா சார்?”

“எதை?” என்றார் தலைவர்.

“இப்ப எறிஞ்சது.”

இயக்குநர் திரையை ஒருமுறை பின்னோட்டினார், முன்னோட்டினார். “மனுதாரர் ஒரு பந்து எறிந்தார். பிறகு ஓய்வெடுத்தார். இரண்டாவது பந்து எதுவும் இல்லை.”

“அண்ணே, நீங்க பாத்தீங்கல்ல?” கொக்கி பயிற்சியாளர் பக்கம் திரும்பினான்.

பயிற்சியாளருக்குக் கண் சிவந்திருந்தது. நன்றாகத்தான் பார்த்திருந்தார். “நான்… அந்த நேரம் திரையைப் பாத்துட்டு இருந்தேன்டா,” என்று சொல்லிவிட்டு, கழிப்பறைக்குப் போவதாகக் கை காட்டி வெளியே நழுவினார்.

தலைவர் தீர்ப்பைப் படித்தார். “மனுதாரர் திரையில் உள்ளவர்தான் என்பது ஐயமற நிரூபணமாகிறது. அவருக்கு ஆணையத்தின் வாழ்த்துகள். திரையில் உள்ளவர் எறியத் தெரியாதவர் என்பதால் மனுதாரர் அணியிலிருந்து நீக்கப்படுகிறார். திரைக்குள் இருப்பவர் தொடர்ந்து அணியில் இருப்பார். அவருக்கு நீண்ட ஒப்பந்தம் இருக்கிறது.” பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு மனம்விட்டுப் பேசினார். “வருத்தப்படாதே தம்பி. உன்னைப் போன்றவர்கள் வருவீர்கள், போவீர்கள். நாங்கள்தான் எங்கேயும் போகாமல் இங்கேயே உட்கார்ந்து இந்த விளையாட்டைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.”

உறுப்பினர்கள் கை தட்டினார்கள்.

கொக்கி தொப்பியைப் பெஞ்சில் வைக்கலாம் என்று பார்த்தான். பெஞ்சு திரைக்குள்தான் இருந்தது. தரையில் வைத்துவிட்டு, காவலாளி வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட, வெளியே வந்தான். கதவு அவன் பின்னால் தானாக மூடிக்கொண்டது.

வாசலில் காவலாளி டேப்லெட்டைப் புரட்டினார்.

“ஆட்டம் முடிஞ்சதா சார்?”

“முடிஞ்சது.”

“உங்களுக்கு இதுல வெளிய போற மாதிரிதான் இருக்கு. சரியா இருக்கு, போங்க. பையை மட்டும்…”

கொக்கி பையை வலது தோளில் மாட்டிக்கொண்டான். காவலாளி ஏதோ சொல்ல வாயெடுத்து, பட்டியலிலிருந்து அவன் பெயர் மறைவதைப் பார்த்து விட்டுவிட்டார். இனி அவன் எந்தத் தோளில் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம்.

நாலு படி இறங்கியவனைக் காவலாளியின் குரல் நிறுத்தியது.

“சார், ஒரு சந்தேகம். தலைவர் எழுந்திரிக்கிறாரு.”

கொக்கி திரும்பிப் பார்த்தான். கண்ணாடிக்குள் அவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு, கோப்புகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள்.

“இதுல எழுந்திரிக்கிற மாதிரியே இல்ல சார்,” என்றார் காவலாளி. உண்மையிலேயே கலங்கிப்போயிருந்தார். “முடிஞ்ச பிறகும் உக்காந்திருக்காங்க. லைட்டு அணைஞ்சும் உக்காந்திருக்காங்க. வெளியே பூட்டுகூடத் தொங்குது, பாருங்க. நான் என்ன பண்றது? பெரிய மனுஷங்களாச்சே.”

கொக்கி அந்த டேப்லெட்டைப் பார்த்தான். அதற்குள் தலைவரும் உறுப்பினர்களும் இயக்குநரும் இருண்ட மைதானத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த நல்ல மனிதர் கதவைத் திறந்துவிடுவார். பயிற்சியாளரிடம் தான் கேட்ட அதே ஒரு வார்த்தை. நாளைக் காலை டயர்க் கிடங்கு முதலாளி எவ்வளவு அன்பாகச் சிரிப்பார் என்று நினைத்தான்.

“உங்களுக்கு என்ன சொல்லி வச்சிருக்காங்க?”

“இதுல எப்படி இருக்கோ அப்படி. யாரா இருந்தாலும்.”

“அப்ப சரி,” என்றான் கொக்கி.

காவலாளி முகம் தெளிந்தார். இடுப்பிலிருந்து பூட்டை எடுத்தார். உள்ளே தலைவர் கதவைத் தள்ளினார். இழுக்கக் கைப்பிடியைத் தேடினார். கைப்பிடி இல்லை. திரையில் இல்லாத பொருளென்று போன வாரமே கழற்றியிருந்தார்கள். கழற்றச் சொன்ன உத்தரவில் அவருடைய கையெழுத்துத்தான் இருந்தது. பயிற்சியாளர் கழிப்பறையிலிருந்து வந்து, நிலைமையைப் பார்த்து, மறுபடியும் கழிப்பறைக்குப் போனார்.

ஆறு பேரும் கண்ணாடியைத் தட்டினார்கள். முதலில் விரல் முட்டியால், பிறகு உள்ளங்கையால், பிறகு இரண்டு கைகளாலும். வாய் திறந்து திறந்து மூடியது. தடித்த கண்ணாடி, சத்தம் வரவில்லை.

காவலாளி டேப்லெட்டை உயர்த்திப் பிடித்து, அதையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கண்ணாடியைத் தட்டறது இருக்கு,” என்றார். “நின்னுட்டுத் தட்டறாங்க, அதான் கொஞ்சம் இடிக்குது. கால் வலிச்சா உக்காந்துடுவாங்க.”

தாழ்ப்பாளை இழுத்துவிட்டு, பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பினார்.